மதுரைக் கோயில் வாசலில் அந்த அம்மா ஏன் பொட்டலத்தை வாங்கவில்லை?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். கோவையிலிருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறீர்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், ஓரமாக உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவருக்குத் தயிர்சாதப் பொட்டலம் வாங்கி நீட்டியிருக்கிறீர்கள். அவர் கையைக்கூட நீட்டாமல், "சோறு வேணாம் சாமி, காசாக் குடுங்க" என்றிருக்கிறார். உங்களுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. பசியில்லாதவர் எதற்குப் பிச்சை எடுக்கிறார், பின்னால் கும்பல் ஏதும் இருக்கிறதா, மதுரையில் மட்டும் ஏன் இத்தனை பேர், காசு கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் குங்குமம், தாலிக்கயிறு, கண்ணாடி வளையல் விற்கும் சின்னக் கடை என்னுடையது. அப்பா காலத்துக் கடை. கல்லாவில் உட்கார்ந்தால் எதிர்ச்சுவர் ஓரத்து வரிசை அப்படியே தெரியும். இருபது வருடத்துக்கும் மேலாகப் பார்க்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பொட்டலம். நீங்கள் வந்தது வெள்ளிக்கிழமை மதியம் என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அந்த வரிசையில் ஒருவருக்குக் குறைந்தது நான்கு பொட்டலமாவது சேர்ந்திருக்கும். பிறந்தநாள், கல்யாணநாள், தாத்தாவின் திதி, வேண்டுதல் என்று ஆட்கள் பை பையாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில், எல்லாம் புளிசாதமும் தயிர்சாதமும். மதுரை வெயிலில் தயிர்சாதம் எவ்வளவு நேரம் தாங்கும்? நீங்கள் கவனித்திருந்தால் அந்த அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் பை ஒன்று இருந்திருக்கும். அதற்குள் ஏற்கெனவே நான்கு பொட்டலம் வியர்த்துக்கொண்டு கிடந்திருக்கும். ஐந்தாவதை வாங்கினால் சாயங்காலம் அதைக் குப்பையில்தான் போட வேண்டும். சோற்றைக் குப்பையில் போடுவதற்கு அந்த வயதில் உள்ளவர்களுக்கு மனசு வராது. வேண்டாம் என்றது திமிரில்லை.

சோற்றுக்குப் பஞ்சமில்லாத இடம் இது. தமிழ்நாட்டுக் கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. மீனாட்சி கோயிலில் 2022 கடைசியிலிருந்து நாள் முழுக்கச் சாப்பாடு போடுகிறார்கள். அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்சாதம் 3 ரூபாய். சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் தெருவுக்குத் தெரு மண்டகப்படி, நீர்மோர், பானகம், தக்காளிசாதம். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நமக்கே வாய் வலிக்கும்.

அப்படியானால் காசு எதற்கு? காலையில் கட்டணக் கழிப்பிடத்துக்கு 5 ரூபாயோ 10 ரூபாயோ வேண்டும். குளிக்க இன்னும் கொஞ்சம். தெருவில் இருக்கும் பெண்ணுக்கு இதுதான் முதல் செலவு. அதைப் பற்றி நன்கொடையாளர் யாரும் யோசித்து நான் பார்த்ததில்லை. அப்புறம் டீ, வெற்றிலை பாக்கு, முட்டிவலித் தைலம், கொசுவத்தி. சிலருக்குச் சர்க்கரை மாத்திரை. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான், ஆனால் கோரிப்பாளையம் பக்கம் இருக்கும் ராஜாஜி மருத்துவமனை வரைக்கும் முட்டிவலியோடு போய்வர ஆட்டோ வேண்டும். சிலருக்குச் செல்போன் ரீசார்ஜ். சிரிக்காதீர்கள், மகன் என்றாவது கூப்பிடுவான் என்று நம்பரை உயிரோடு வைத்திருப்பவர்கள் உண்டு. ஆண்களில் பாதிப் பேருக்கு பீடியும் இருட்டியதும் குவார்ட்டரும். அதை மறைத்து நான் என்ன செய்யப்போகிறேன்?

சாயங்காலம் ஏழு, ஏழரை வாக்கில் ஒரு காட்சி நடக்கும். வரிசையில் இருக்கும் ஓர் அப்பத்தா எழுந்து பக்கத்து டீக்கடைக்குப் போவார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பலகையில் கொட்டுவார். ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி, ஐந்து தனி என்று பத்துப் பத்தாக அடுக்குவார். விரல் அவ்வளவு வேகம், வங்கிக் காசாளர் பிச்சை வாங்க வேண்டும் (இந்த இடத்தில் இந்தச் சொல் வந்து விழுந்துவிட்டது, இருக்கட்டும்). டீக்கடைக்காரருக்குச் சில்லறை எப்போதும் தட்டுப்பாடு. அடுக்கைப் பார்த்து நோட்டாகக் கொடுத்துவிட்டு மேலே ஒரு டீயும் கொடுப்பார், சர்க்கரை இல்லாமல். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று ஊர் முழுக்கப் புரளி கிளம்பியிருந்த காலத்தில் அப்பத்தாவிடம் அதுதான் மிச்சமாகக் கிடந்தது. அரசாங்க நாணயத்தைப் பிச்சைக்காரியிடமிருந்து வாங்க மறுத்த ஊர் இது. என் கல்லாவில் மாற்றிக் கொடுத்தேன், அதிலிருந்து எனக்குப் பழக்கம்.

ஏன் மதுரையில் இத்தனை பேர்? கோயில் ஊர், சுற்றுலா ஊர் என்பது பாதிக் காரணம். ஐயப்ப சீசனில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடக வண்டிகள் வந்து நிற்கும், கை தாராளமாக இருக்கும், அந்த இரண்டு மாதம் வரிசை நீளும். மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை. தென்மாவட்டத்துக்கே பெரிய ஆஸ்பத்திரி இங்கேதான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமிருந்து வைத்தியத்துக்கு என்று கூட்டிவருவார்கள். கூட வந்தவர் "மாத்திரை வாங்கிட்டு வர்றேன்" என்று போவார், வரமாட்டார். டிஸ்சார்ஜ் ஆனவருக்கு ஊருக்குப் போக வழியோ, போனால் ஏற்றுக்கொள்ள ஆளோ இருக்காது. ஆஸ்பத்திரி வாசல், அங்கிருந்து கோரிப்பாளையம் தர்கா, பிறகு பாலத்தைத் தாண்டிக் கோயில். நான் விசாரித்த வரையில் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் வந்து சேர்ந்த பாதை இதுதான். மருமகளோடு சண்டை போட்டுக் கிளம்பி வந்தவர்கள் இன்னொரு பங்கு. மனநிலை சரியில்லாதவர்கள் தனி. அவர்கள் வரிசையில் உட்காரவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். சோறு யாருக்காவது அவசியம் என்றால் அவர்களுக்குத்தான். அவர்களிடம்தான் யாரும் பொட்டலத்தோடு போவதில்லை.

இவர்களுக்கு ஒரு வாரக் கணக்கு உண்டு. வியாழன் ராத்திரி கோரிப்பாளையம் தர்கா. வெள்ளி காலை மீனாட்சி, மதியத் தொழுகைக்குக் காஜிமார் தெருப் பள்ளிவாசல். சனிக்கிழமை கூடலழகர் பெருமாள், புரட்டாசி என்றால் விடியற்காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். ஞாயிறு காலை கீழவெளி வீதி மாதா கோயில், அல்லது ரிங் ரோட்டுப் பக்கம் பாண்டி கோயில். பாண்டி கோயிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பவர்கள் கறிச்சோறு போடுவார்கள். ஒருவர் என்னிடம் சொன்னார், "அண்ணே, வாரத்துல ஆறு நாள் சைவம், ஞாயித்துக்கெழமை மட்டும் கவுச்சி." கிருத்திகை, சஷ்டி என்றால் திருப்பரங்குன்றம். அமாவாசை என்றால் ஆற்றங்கரைப் படித்துறை. மூன்று மதத்துக் காலண்டரும் மனப்பாடம். மதநல்லிணக்கம் பற்றி மேடையில் பேசுபவர்களுக்குக்கூட இவ்வளவு தேதி தெரியாது.

கும்பல் விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்திருப்பவர், நடந்து வருபவர், பிள்ளையைத் தூக்கி வருபவர் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும் கிழவர் கிழவிகளுக்குப் பின்னால் முதலாளி யாரும் இல்லை. ஆனால் அவர்களுக்குள் ஒழுங்கு உண்டு. புதிதாக வந்தவர் நேராக வாசலருகே உட்கார முடியாது, வரிசைக் கடைசியிலிருந்துதான் வர வேண்டும். யார் ஊருக்குப் போனாலும் இடத்தைப் பக்கத்துக்காரர் காப்பாற்றுவார். பொட்டலம் பங்கிடும்போது சண்டை வரும், காது கூசும் வசவு வரும். வெளியிலிருந்து பார்த்தால் கும்பல் மாதிரித் தெரியலாம், எனக்குத் தெருக்குழாயடி மாதிரித் தெரிகிறது.

நடந்து வருபவர்கள் பல தினுசு. காவி கட்டிக்கொண்டு வந்து, கேட்காமலே மணிக்கட்டில் கயிறு கட்டி, நெற்றியில் திருநீறு பூசி, அப்புறம் நூறு ரூபாய் கேட்பவர் ஒரு ரகம். வடநாட்டுப் பயணிகளும் வெள்ளைக்காரர்களும்தான் அவருக்கு இலக்கு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு "வேண்டாம்" என்றால் போய்விடுவார். பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களைப் பிச்சைக்காரர் கணக்கில் சேர்த்துப் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன், அது தப்பு. அவர்கள் வியாபாரிகள். பழங்குடிப் பட்டியலில் சேர வருடக்கணக்காகக் கேட்டு 2023-இல்தான் அது கிடைத்தது. மணி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சில்லறையை வீசாதீர்கள். ரயிலிலும் கடைகளிலும் கைதட்டி வரும் திருநங்கைகளின் கதை வேறு. வேலை கொடுக்காத ஊர், ஆசீர்வாதம் மட்டும் வாங்கிக்கொள்கிறது. பூம்பூம் மாட்டுக்காரர் இப்போதெல்லாம் கோயில் பக்கம் குறைவு, புறநகர்த் தெருக்களில் பார்க்கலாம்.

மூன்றாவது வகைதான் எனக்கு உறுத்துவது. உச்சி வெயில், நாதஸ்வரம், வண்டிச் சத்தம், இத்தனைக்கும் நடுவே தோளில் கிடக்கும் கைக்குழந்தை அசையாமல் தூங்கும். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களுக்குத் தெரியும், அது அப்படித் தூங்காது. ஒரே குழந்தையை இரண்டு வேறு பெண்களின் தோளில் இரண்டு நாளில் நான் பார்த்திருக்கிறேன். தலையில் சின்னத் தழும்பு இருந்ததால் அடையாளம் தெரிந்தது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தேன். கேட்டுக்கொண்டார்கள், ஆட்களும் வந்தார்கள், அதற்குள் அந்தப் பெண் போய்விட்டிருந்தாள். பிள்ளைகளைப் பிச்சைக்கு அனுப்புகிறவருக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 76-ஆவது பிரிவுப்படி 5 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் அபராதம். ஆகவே என் வழக்கம் இதுதான்: பிள்ளை கையிலும், பிள்ளையைக் காட்டிக் கேட்கும் கையிலும் ஒரு ரூபாய்கூடப் போடமாட்டேன். அந்த ஒரு ரூபாய்தான் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீதியில் வைத்திருக்கிறது. பிஸ்கட் வாங்கித் தந்தால் உறையைப் பிரித்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் அது திரும்பக் கடைக்குப் போகும். பேனா கேட்டு வெளிநாட்டவரைச் சுற்றும் பையன்களுக்கும் இதேதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் பிச்சை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1945-லிருந்து இருக்கிறது. ரயிலில், ரயில் நிலையத்தில் பிச்சை எடுக்க ரயில்வே சட்டத்தின் 144-ஆவது பிரிவில் தடை. ஆனால் காற்று வேறு பக்கமும் அடிக்கிறது. டெல்லியில் இதே மாதிரியான சட்டப் பிரிவுகளை அங்குள்ள உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாது என்றது. பிச்சைக்காரர்களைச் சிக்னல்களிலிருந்து அகற்றக் கேட்ட மனுவில், 2021 ஜூலையில், இதை மேல்தட்டுப் பார்வையில் பார்க்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே நாட்டில்தான் இந்தூரில் 2025 ஜனவரி 1 முதல் பிச்சை போடுபவர்மேல் வழக்கு என்று அறிவித்தார்கள்.

ஔவையார் ஆத்திசூடியில் 'ஏற்பது இகழ்ச்சி' என்று சொல்லிவிட்டு அடுத்த அடியிலேயே 'ஐயம் இட்டு உண்' என்கிறார். இரண்டும் வேறு வேறு ஆளுக்குச் சொன்னது. முதலாவது வாங்குகிறவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியது, இரண்டாவது கையில் இருப்பவருக்கு. நாம் முதலாவதை எதிராளிக்கு உபதேசம் பண்ணிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். அதற்கு நாலு அடி முன்னாலேயே 'ஈவது விலக்கேல்' என்றும் இருக்கிறது, இந்தூர்க்காரர்களுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொன்னால் தேவலை.

இங்கே நடப்பது என்னவென்றால், பெரிய ஆட்கள் யாராவது வருகிறார்கள் என்றால் முந்தின நாள் ராத்திரியே வரிசை காணாமல் போகும். வேனில் ஏற்றிக்கொண்டுபோய் எங்கோ இறக்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, அதே இடத்தில், அதே வரிசைப்படி உட்கார்வார்கள். பஸ் காசு தண்டம். மாநகராட்சித் தங்குமிடங்கள் இருக்கின்றன. நான் இரண்டு பேரைக் கொண்டுபோய் விட்டேன். ஒருவர் தங்கிவிட்டார், நன்றாக இருக்கிறார். இன்னொருவர் நாலாம் நாள் வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அங்க பேச ஆள் இல்ல" என்றார்.

சோற்றைவிடப் பெரிய பஞ்சம் முகவரிக்கு. முதியோர் உதவித்தொகை, நாங்கள் ஓஏபி என்போம், 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். இதை ஒழுங்காக வாங்கினால் இந்த வரிசையில் பலருக்கு உட்கார வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும். ஆனால் அதற்கு ஆதார் வேண்டும், ஆதாருக்கு முகவரி வேண்டும், ரேஷன் கார்டில் பெயர் வேண்டும். பெயர் எங்கே இருக்கும்? துரத்திய மகன் வீட்டுக் கார்டில்தான் இருக்கும். நான் சொன்ன அப்பத்தாவுக்காக அலைந்தபோது ஓர் அலுவலகத்தில், "மகன்தான் இருக்காரே, அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றார்கள். அப்பத்தா அந்த மகன் பெயரைச் சொல்லவே மறுத்துவிட்டார். "அவனுக்கு அசிங்கமாப் போயிரும் ராசா" என்பதுதான் காரணம். அந்த மனு அதோடு நின்றது.

பிச்சை எடுப்பவன் என்றால் வாங்குபவன் மட்டும்தான் என்ற எண்ணம் மதுரைக்காரனுக்கு வரக்கூடாது. மணிமேகலையில் ஆபுத்திரன் வருவானே, அவன் வந்து சேர்ந்த ஊர் மதுரைதான். சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கி, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, குருடர், செவிடர், கால் நடக்காதவர், ஆதரவற்றவர் எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தின்று, திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்கியவன். அமுதசுரபி முதலில் வந்தது அவன் கைக்குத்தான். கதை என்று தள்ளலாம். 2020-இல் கொரோனா நேரத்தில், பிச்சை எடுத்துச் சேர்த்ததைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பல தடவை மாவட்ட ஆட்சியரிடம் நிவாரண நிதிக்குக் கொடுத்த பெரியவர் ஒருவரைப் பற்றிப் பத்திரிகைகளில் வந்ததே, அதுவும் இதே மதுரைதான். ஆவணி மூலத் திருவிழாவில் வளையல் விற்ற லீலைக்கு முன் சொக்கநாதரே பிட்சாடனராகத் திருவோடு ஏந்தித்தான் எழுந்தருளுகிறார். அன்றைக்கு நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். சரி, இதை ரொம்ப நீட்டவில்லை.

இனி நீங்கள் வந்தால் என்ன செய்வது? கோயிலுக்குள் போகும் முன்பே சில்லறை மாற்றித் தனிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவீதியில் பர்ஸைத் திறந்து நோட்டுகளைத் துழாவினால் கூட்டம் சேரும். வரிசையில் கொடுக்க ஆரம்பித்தால் கடைசி ஆள் வரை கொடுங்கள், இல்லாவிட்டால் ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு நடங்கள். பாதியில் காசு தீர்ந்து நிற்பதுதான் வம்பு. கொடுக்க மனமில்லையா, முகத்தைப் பார்த்து "இல்லைம்மா" என்று சொல்லுங்கள், போதும். ஆளே இல்லாதது மாதிரி தாண்டிப்போவதுதான் அவர்களுக்கு வலிக்கும், நிறைய பேர் சொல்லியிருக்கிறார்கள். போட்டோ எடுக்காதீர்கள். பிறந்தநாளுக்குப் பிள்ளை கையால் கொடுக்கவைத்து வீடியோ எடுக்கும் ஒரு வழக்கம் இப்போது கிளம்பியிருக்கிறது. கேமரா சரியாக வரவில்லை என்று கொடுத்த பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, மறுபடி கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெரியவர் இரண்டாம் தடவையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

பொட்டலம்தான் கொடுக்க ஆசை என்றால் வெள்ளி, அமாவாசை, விசேஷ நாளைத் தவிர்த்து ஒரு செவ்வாயோ புதனோ ராத்திரி எட்டரைக்கு மேல், சூடாக நாலு இட்லியாகக் கொடுங்கள். அந்த நேரத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அதைவிட நல்லது, வாங்கிக்கொண்டு வந்து நீட்டுவதற்கு முன் என்ன வேண்டும் என்று கேட்பது.

அப்பத்தாவிடம் ஒரு தீபாவளிக்கு முன்னால் நான் கேட்டேன். சேலை என்பார், போர்வை என்பார் என்று நினைத்தேன். "ஒரு பூட்டு வாங்கிக் குடு ராசா" என்றார். பூக்கடைக்காரம்மாவின் கடை ஓரத்தில் தன் தகரப்பெட்டி ஒன்றை வைத்திருந்தாராம், கொக்கி மட்டும்தான் இருந்ததாம். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. நடுத்தரமான பூட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சாவி வந்தது. ஒன்றைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டு, இன்னொன்றை என் கல்லாவில் போட்டுவைக்கச் சொன்னார். பத்து நாளைக்கு ஒரு தடவை கடைப் படியில் வந்து நிற்பார். கல்லாவை இழுத்துக் காட்டுவேன். சாவி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.